தையற்கார அக்காவின் கொப்பியில் இருந்த திகதிகள்

என் இடது மார்பு இடம் மாறிக்கொண்டிருக்கிறது என்று முதன்முதலில் சொன்னவர், எனக்குச் சேலைச் சட்டை தைத்துத் தரும் அக்காதான். 2017 ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்னர், திருகோணமலை உவர்மலையில் உள்ள அவருடைய வீட்டு விறாந்தையில் அளவுநாடாவை என் தோளிலிருந்து இறக்கிப் பிடித்தவர், "ரீச்சர், இடப்பக்க டாட் இன்னும் கொஞ்சம் மேல போகுது, போனமுறை தைச்ச அளவு இப்ப சரிவராது" என்றார். டாட் என்பது மார்பின் வடிவத்துக்கு ஏற்பச் சட்டையில் பிடிக்கும் மடிப்பு. வயது போனால் எல்லாம் கீழே இறங்கும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறுவது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அவர் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டார். நானும் துணியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தில் இருப்பது சிலிக்கோன் என்பது அவருக்குத் தெரியாது. 2008 ஆம் ஆண்டில் எனக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, மார்பகம் முழுவதும் அக்குளில் உள்ள நிணநீர் நெறிகளோடு சேர்த்து அகற்றப்பட்டு, மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சையும் நடந்தது. அதன் பிறகு இரண்டரை ஆண்டுகள் உள்ளே ஒரு பஞ்சுப் பொதியை வைத்துக்கொண்டுதான் பாடசாலைக்குப் போனேன். கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தும்போதெல்லாம் அந்தப் பொதி கழுத்துப் பக்கமாக ஏறிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு திரும்பி நின்றே படிப்பித்த ஒரு பெண்ணுக்கு, மார்பை மீளமைக்கலாம் என்ற செய்தி எப்படிக் கேட்டிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 2011 இல் சென்னையில் இருந்த தங்கை வீட்டில் சில மாதங்கள் தங்கி, அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் அதைச் செய்துகொண்டேன். முதலில் மார்புத் தசைக்கு அடியில் ஒரு விரிவாக்கிப் பையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊசியால் உப்புநீர் ஏற்றித் தோலை விரித்தார்கள்; பின்னர் அதை எடுத்துவிட்டு 275 சிசி அளவுள்ள சிலிக்கோன் ஜெல் இம்பிளாண்டை, அதாவது ஜெல் நிரப்பிய செயற்கை மார்புப் பையை, வைத்தார்கள். அதைச் செய்துகொண்டதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வருத்தம் வேறொரு விடயத்தில். வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள், அங்கே ஆலோசனை சொல்பவராக இருந்த ஒரு பெண், "இனி ஆயுளுக்கும் கவலை இல்லைம்மா" என்றார். நானும் அதை நம்பினேன். உண்மையில், இந்த இம்பிளாண்டுகள் ஆயுள் முழுவதும் நிலைக்கும் சாதனங்கள் அல்ல என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்லி வருகிறது. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களிலேயே ஐந்தில் ஒருவர் வரைக்கும் எட்டு முதல் பத்து ஆண்டுகளுக்குள் அதை எடுக்கவேண்டி வருகிறது. புற்றுநோய்க்குப் பிறகு மீளமைத்துக்கொண்டவர்களிடம் மறு சத்திரசிகிச்சையின் வீதம் இன்னும் கூடுதல். வைக்கும் நாளிலேயே ஒரு நாள் எடுக்கவேண்டி வரும் என்பதும் சொல்லப்பட்டிருக்கவேண்டும். அதற்காகவும் பணம் ஒதுக்கி வைத்திருப்பேன். தைரியத்தையும் ஒதுக்கி வைத்திருப்பேன்.

சென்னையிலிருந்து புறப்பட்டபோது பல தாள்களோடு ஒரு சிறிய அட்டையையும் தந்தார்கள். தேசிய அடையாள அட்டை அளவில், ஓர் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டு, நிறுவனத்தின் பெயர், தொகுதி இலக்கம், தொடரிலக்கம், கொள்ளளவு, மேற்பரப்பின் வகை எல்லாம் அதில் அச்சிடப்பட்டிருந்தன. இது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த அட்டையின் அருமை எனக்கு இரண்டு தடவைகளில் புரிந்தது. முதல் தடவை 2012 ஜனவரியில். பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம், மருத்துவத் தரமற்ற, கைத்தொழில் பயன்பாட்டுக்கான சிலிக்கோனை இம்பிளாண்டுகளில் நிரப்பி விற்றிருந்தது 2010 இல் வெளிப்பட்டது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 இலட்சம் பெண்களின் உடலில் அவை இருந்தன. 2011 டிசம்பரில் பிரெஞ்சு அரசாங்கம் தன் நாட்டில் அவற்றை வைத்திருந்த சுமார் 30,000 பெண்களுக்கும் எடுத்துவிடும்படி பரிந்துரைத்தபோது, பாரிஸில் இருக்கும் மச்சாள் தொலைபேசியில் பதறிப்போய், "உனக்கு வைச்சது எந்தக் கொம்பனி?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. பி.ஐ.பி. 2010 மார்ச்சிலேயே சந்தையிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது, எனக்கு வைத்தது அதற்குப் பிறகு என்று கணக்குப் பார்த்து ஆறுதல் அடைந்தேனே தவிர, அட்டையைத் தேடவில்லை. அந்த நிறுவனத்தின் உரிமையாளர் 2013 இல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றபோது அந்தச் செய்தியையும் வாசித்துவிட்டு மறந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை 2019 ஜூலையில். அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்பிளாண்டுகளை உலகம் முழுவதிலும் திரும்பப் பெறும்படி அமெரிக்காவின் அதே உணவு, மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டது. காரணம், இம்பிளாண்டைச் சுற்றி உருவாகும் ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய். அப்போது உலகளவில் பதிவாகியிருந்த 573 பேரில் 481 பேரிடம் இருந்தவை அந்த நிறுவனத்தின் இம்பிளாண்டுகள். 33 பேர் இறந்திருந்தார்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து தப்புவதற்காக ஒரு மார்பை இழந்து, அந்த இடத்தில் வைத்த பொருளாலேயே இன்னொரு புற்றுநோய் வரலாம் என்று வாசித்த இரவில் நான் தூங்கவில்லை. சொரசொரப்பானதா வழுவழுப்பானதா என்பதே கேள்வி. அதற்கான விடை அந்த அட்டையில்தான் இருந்தது, அட்டையோ வீட்டில் எங்கும் இல்லை.

மூன்று நாட்கள் அலுமாரிகளைப் புரட்டினேன். சென்னை மருத்துவமனைக்கு மின்னஞ்சல் எழுதினேன். அந்தக் காலத்துப் பதிவேடுகள் இப்போது இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கடைசியில் கண்டுபிடித்தவர் என் கணவர். காணி உறுதிகள் வைக்கும் பெட்டியில், குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாத அட்டைக்கும் தண்ணீர் மோட்டரின் பற்றுச்சீட்டுக்கும் நடுவில் அவரே பத்திரமாக வைத்திருந்தார். பொருள் வாங்கினால் தருகிற உத்தரவாத அட்டை என்று நினைத்து அங்கே வைத்தாராம். கோபத்தில் இருந்த நான் சிரித்துவிட்டேன், ஏனென்றால் அந்த வீட்டிலேயே அதைச் சரியான இடத்தில் வைத்தவர் அவர் ஒருவர்தான்.

அட்டையில் இருந்தது திரும்பப் பெறப்பட்ட பட்டியலில் இல்லாத வேறொரு நிறுவனத்தின் பெயர். ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பானதுதான். நோய் அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் பயத்தினால் மட்டும் எடுத்துவிடத் தேவையில்லை என்றும், பல ஆண்டுகள் கழித்துத் திடீரென்று ஒரு பக்கம் வீங்கினால், உள்ளே நீர் சேர்ந்தால், கட்டி தென்பட்டால் உடனே காட்டவேண்டும் என்றும் அப்போது அறிவுறுத்தப்பட்டது. எனக்கு வீக்கம் இல்லை. இறுக்கம் இருந்தது.

அந்த இறுக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு வரும் தொல்லை புற்றுநோய் அல்ல, இதுதான். உடலுக்குள் வெளிப்பொருள் ஒன்று போனால், அதைச் சுற்றித் தழும்புத் திசுவால் ஒரு பையை உடல் கட்டிவிடுகிறது. எல்லோருக்கும் அந்தப் பை உருவாகும். சிலருக்கு அது மெல்லிய சவ்வாக இருந்துவிடும். சிலருக்குத் தடித்துச் சுருங்கி, உள்ளே இருப்பதை நெருக்கத் தொடங்கும். வைத்தியர்கள் இதை பேக்கர் அளவு என்று நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள்: நான்காம் படியில் மார்பு கல்லாக இருக்கும், வடிவம் கெட்டு மேலே ஏறும், வலிக்கும். கதிர்ச் சிகிச்சை பெற்ற இடத்தில் இது வருவதற்கான வாய்ப்பு மிகக் கூடுதல். எனக்குக் கதிர்ச் சிகிச்சை நடந்தது சென்னையில் இருந்தவர்களுக்குத் தெரியும். இந்த வாய்ப்பைப் பற்றி நான் கையெழுத்திட்ட ஆங்கிலப் படிவத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் எழுதப்பட்டும் இருக்கலாம்.

2020 அளவில் இடப்பக்கம் சரிந்து படுக்க முடியாமல் போனது. அலுமாரியின் மேல்தட்டுக்குக் கை எட்டவில்லை. என் மாமியாரின் அந்தியேட்டிக்காகக் கன்னியாவுக்குப் போய், அந்த வெந்நீர்க் கிணறுகளில் அள்ளி ஊற்றிக்கொண்டபோது, வலப்பக்கத்தில் சூடு இறங்குவதை உணர்ந்தேன்; இடப்பக்கத்தில் நீர் வழிவது கண்ணுக்குத் தெரிந்ததே தவிர, உடலுக்குத் தெரியவில்லை. அங்கே நரம்புகள் 2008 இலேயே போய்விட்டன. கையை வைத்துப் பார்த்தபோது, தோலுக்குக் கீழே ஒரு சிறிய தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்ததுபோல விளிம்பு தட்டுப்பட்டது.

பெருந்தொற்று கொஞ்சம் ஓய்ந்து, 2021 டிசம்பரில்தான் ஸ்கேன் எடுத்தேன். இம்பிளாண்ட் வைத்து ஐந்தாறு ஆண்டுகளில் முதல் ஸ்கேனையும், அதன் பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்தடுத்த ஸ்கேன்களையும் எடுக்கவேண்டும் என்று அமெரிக்க நிர்வாகம் பரிந்துரைப்பதை அப்போதுதான் அறிந்தேன். நான் எடுத்தது பதினோராம் ஆண்டில். உறை வெடித்தால் வெளியே தெரியவேண்டும் என்றில்லை. ஜெல் தழும்புப் பைக்குள்ளேயே தங்கிவிடுவதால் வலியோ வடிவ மாற்றமோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கலாம் என்பதால்தான் இந்தப் பரிசோதனை. ஸ்கேன் எடுத்தவர் சந்தேகப்பட்டு எம்.ஆர்.ஐ. எழுதித் தந்தார். 2022 பெப்ரவரியில் இரவுப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போய் அதையும் எடுத்தேன். அறிக்கையில் 'லிங்குயினி அடையாளம்' என்று இருந்தது. அது இத்தாலிய நூடில்ஸ் வகை ஒன்றின் பெயர் என்று மகள் சொன்னாள்: வெடித்த உறை ஜெல்லுக்குள் மடிந்து மிதப்பது படத்தில் அப்படித் தெரியுமாம். ஜெல் பைக்கு வெளியே கசிந்திருந்தால் அல்ட்ராசவுண்டில் அது பனிப்புயல்போலத் தெரியும் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பனியையே காணாத திருகோணமலைக்காரிக்கு இந்தப் பெயர்களால் ஒரு பயனும் இல்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தட்டில் உதிர்ந்து கிடக்கும் இடியப்பம்தான் நினைவுக்கு வந்தது.

கொழும்பில் என்னைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, எப்போது இறுகத் தொடங்கியது என்று கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நாளும் பார்க்கிற உடம்பு மாறுவதைக் கவனிப்பது எளிதன்று. ஊருக்குத் திரும்பிய பிறகு தையற்கார அக்காவிடம் போய் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய் மூன்று பழைய கொப்பிகளை எடுத்து வந்தார். என் பெயருக்குக் கீழே 2013 மாசியில் இரண்டு பக்கமும் ஒரே அளவு. 2015 ஐப்பசியில் 'இட: கால் மேல்'. 2017 இல் 'இட: அரை மேல்'. 2019 தையில் முக்கால். அந்தப் பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து நிபுணருக்கு அனுப்பினேன். பெரிய வைத்தியசாலைகளில் கிடைக்காத வரலாறு ஒரு தையற்கொப்பியில் இருக்கிறது என்று பதில் எழுதி, படங்களை என் கோவையில் சேர்த்துக்கொண்டார்.

இதற்கிடையில் மகள் இணையத்தில் வாசித்ததை வைத்து, என் மூட்டுவலி, களைப்பு, மறதி எல்லாவற்றுக்கும் சிலிக்கோனே காரணம் என்று தீர்மானித்துவிட்டாள். இம்பிளாண்ட் வைத்த பல பெண்கள் இப்படிப்பட்ட தொல்லைகளைச் சொல்கிறார்கள், எடுத்த பின் சிலருக்குக் குறைவதும் உண்டு என்பதால், 2021 இல் அமெரிக்க நிர்வாகம் கட்டாயமாக்கிய எச்சரிக்கையிலும் அது இடம்பெறுகிறது. ஆனால் காரணம் இதுவென்று உறுதியாகச் சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை. 1992 இல் அமெரிக்கா சிலிக்கோன் இம்பிளாண்டுகளைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்ததும், வழக்குகளின் பாரத்தால் 1995 இல் டவ் கோர்னிங் நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியதும் இந்தச் சர்ச்சையால்தான். 1999 இல் அங்குள்ள மருத்துவ நிறுவனத்தின் ஆய்வுக் குழு, உடல் முழுவதையும் தாக்கும் நோய்களுக்கு இவை காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும், வெடிப்பும் இறுக்கமும் போன்ற அந்த இடத்துத் தொல்லைகளே பெரிய பிரச்சினை என்றும் முடிவு சொன்னது. 2006 இல் அவை மீண்டும் அனுமதிக்கப்பட்டன. நான் 2006 இல் இந்த ஊரில் பரவிய சிக்குன்குன்யாவில் கிடந்து எழும்பியவள், பின்னர் ஐந்து ஆண்டுகள் மூட்டுகளை வருத்தும் புற்றுநோய் மாத்திரை விழுங்கியவள். எல்லாப் பழியையும் ஒரு பையின்மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. எடுத்த பிறகும் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

2022 ஜூன் மாதத்துக்கு நாள் தந்தார்கள். அந்த ஜூனில் இலங்கையில் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. வாகனத்துக்கு எரிபொருள் இல்லை, வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு, அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போயின. காத்திருந்த அந்தச் செப்டெம்பரில், இம்பிளாண்டைச் சுற்றிய தழும்புப் பையில் வேறு வகைப் புற்றுநோய்களும் மிக அரிதாகக் காணப்பட்டுள்ளன என்று இன்னோர் அறிவித்தல் வந்தது. உள்ளே வெடித்த பையை வைத்துக்கொண்டு அதை வாசித்தேன்.

2023 ஜனவரி இறுதியில், முழு மயக்கத்தில், பழைய தழும்பின் வழியாகவே எடுத்தார்கள். பையை உடைக்காமல் ஒரே துண்டாக எடுக்கவேண்டும் என்று இணையத்தில் எல்லோரும் அடித்துச் சொல்கிறார்களே என்று முன்னமே கேட்டிருந்தேன். நிணநீர்ப் புற்றுநோய் உறுதியானால் அப்படி எடுப்பது முக்கியம், மற்றவர்களுக்கு அது கட்டாயமில்லை, என் விடயத்தில் பின்சுவர் விலா எலும்புகளோடு ஒட்டியிருந்தால் கவனமாகத்தான் உரிக்கவேண்டும், அதற்குக் கீழே இருப்பது நுரையீரல் என்று நிபுணர் சொன்னார். அப்படித்தான் ஒட்டியிருந்தது. முன்சுவரை ஒன்றாகவும் பின்சுவரைத் துண்டுகளாகவும் உரித்து, முழுவதையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

எடுத்ததைப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தேன். மறுநாள் காலை தாதி ஒரு மூடி போட்ட கண்ணாடிப் போத்தலில் கொண்டுவந்து காட்டினார். கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கவேண்டிய ஜெல், பழுத்த மஞ்சளாக, காய்ச்சிக் குளிரவைத்த கித்துள் பாணிபோலக் கெட்டியாகப் போத்தலின் பக்கங்களில் பிடித்திருந்தது. சரித்தால் மெதுவாக நகர்ந்தது. உறை அதற்குள் கசங்கிய பொலித்தீன் பைபோலக் கிடந்தது. அதன் ஒரு மூலையில் வட்டமாகச் சில எழுத்துகளும் இலக்கங்களும் பதிந்திருந்தன. அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், பொருந்தின. பன்னிரண்டு ஆண்டுகள் எனக்குள் இருந்த ஒன்றின் பெயரை அப்போதுதான் நேரில் வாசித்தேன்.

இரண்டு குழாய்களோடு வீடு வந்தேன். தாதியாக வேலை செய்யும் அயல்வீட்டுப் பிள்ளை காலையும் மாலையும் வந்து, போத்தல்களில் வடிந்த நீரை அளந்து கொட்ட, நான் திகதியோடு எழுதி வைத்தேன்: நாளொன்றுக்கு 90 மில்லிலீற்றர், 70, 45, 30, பிறகு 20. ஒன்பதாம் நாள் குழாய்களைக் கழற்றினார்கள். அந்த நிணநீர்ப் புற்றுநோயைக் கண்டறிய உதவும் சி.டி. 30 என்ற பரிசோதனை உட்பட எல்லா முடிவுகளும் வந்துசேர மூன்று வாரங்களுக்கு மேல் ஆனது. சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. வாசலில் நிறைகுடம் வைக்க என்னால் குடத்தைத் தூக்க முடியாமல், மகள் தூக்க, நான் மாவிலையைச் செருகினேன். அன்று பிற்பகல்தான் தொலைபேசி வந்தது: புற்றுநோய் எதுவும் இல்லை, சிலிக்கோன் படிந்த தழும்புத் திசு மட்டுமே.

வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சதை எடுத்து மறுபடியும் மார்பை அமைக்கலாம் என்றார் நிபுணர். இன்னொரு நீண்ட சத்திரசிகிச்சைக்கு நான் விரும்பவில்லை. இப்போது இடப்பக்கம் தட்டை. தோல் இரண்டு மடிப்பாக விலாவில் படிந்திருக்கிறது, பார்க்க அழகில்லை, ஆனால் அந்தப் பக்கம் சரிந்து படுத்துத் தூங்குகிறேன். வெளியே போகும்போது, மகள் பருத்தி நூலில் பின்னித் தந்த ஒன்றை உள்ளே வைத்துக்கொள்கிறேன். ஓய்வு பெற்றுவிட்டதால் கரும்பலகைக்குக் கையை உயர்த்தும் வேலையும் இல்லை. இம்பிளாண்ட் வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்ட, முன்பு என்னோடு படிப்பித்த தங்கச்சியிடம், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதிர்ச் சிகிச்சை நடந்ததா, நடக்கப்போகிறதா என்று கேட்டேன். மேற்பரப்பு எந்த வகை என்று கேட்கச் சொன்னேன். எடுக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொன்னேன். அட்டையைப் பிரதி எடுத்துக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன்.

பங்குனி கடைசியில் புதுச் சட்டைத் துணியோடு உவர்மலைக்குப் போனேன். அக்கா அளவுநாடாவை என் தோளிலிருந்து இறக்கி, வலப்பக்கத்தை அளந்து எழுதினார். இடப்பக்கத்துக்கு வந்ததும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு பழைய அளவை ஒரே கோட்டால் வெட்டி, 'இட: டாட் இல்லை' என்று எழுதி, பக்கத்தில் திகதியைப் போட்டுவிட்டு, "வருசத்துக்கு முன்னம் வேணுமோ ரீச்சர்?" என்று கேட்டார்.